முனை மழுங்கிய ஊக்கு

சார்னத்தின் கோபத்தைப் பற்றிப் பேசாதவர்கள் எங்கள் ஆற்றங்கரையில் யாரும் இல்லை. அவள் அதட்டினால் கறவை மாடு கூடப் பால் சுரக்காமல் நின்றுவிடும் என்று சொல்லிச் சிரிப்பார்கள். எதற்காக அத்தனை கோபம் என்று கேட்டுப் பாருங்கள். உடனே வானத்தை அண்ணாந்து பார்த்து, மழை வரும்போல இருக்கிறதே என்பார்கள். காரணத்தைச் சொல்லப் போனால் தலைவர் கெல்லக்கின் பெயரையும் சொல்ல வேண்டிவரும். அதற்கு ஒருவருக்கும் துணிச்சல் கிடையாது. ஆகவே காரணத்தை விழுங்கிவிட்டுக் கோபத்தை மட்டும் ஊரெல்லாம் பரப்பி வைத்திருக்கிறார்கள்.

அவள் நெசவுக்காரி. கம்பளிப் போர்வை என்றால் சார்னத் நெய்ததுதான். மேலே விழுந்த மழை உள்ளே இறங்க வழி தெரியாமல் வழிந்தோடிவிடும். அத்தனை நெருக்கமான நெசவு, அத்தனை கனம். நனைந்துவிட்டால் ஒரு கன்றுக்குட்டியைத் தோளில் சுமப்பதுபோல இருக்கும். அந்தக் கனத்தைத் தாங்கி நிற்க வேண்டியது ஒரே ஒரு ஊக்கு: வாய் விட்ட ஒரு வளையம், அதில் கோத்த ஒரு ஊசி, அவ்வளவுதான். அதனால் போர்வை வாங்க வந்தவர்களிடம் அவள் முதலில் கேட்பது, "ஊக்கு என்ன வச்சிருக்கே, காட்டு" என்பதுதான்.

காட்டினால் அதோடு விடமாட்டாள். போர்வையை வந்தவர் தோளில் போட்டு, இரண்டு ஓரத்தையும் சேர்த்துப் பிடித்து, விரலால் கனம் பார்ப்பாள். ஊசி மெலிசாக இருந்தால் பத்து நாளில் வளைந்துவிடும். சொரசொரப்பாக இருந்தால் நூலை இழுத்து அறுத்துவிடும். வளையத்தின் இடைவெளி ஊசி நுழையும் அளவுக்கு மட்டுமே இருக்க வேண்டும்; வளையத்தின் இரண்டு நுனியும் தடித்திருக்க வேண்டும், இல்லையென்றால் போன வழியே ஊசி திரும்பி வந்துவிடும். துணியில் குத்தி எடுத்து, இடைவெளி வழியாக ஊசியை மேலே கொண்டுவந்து, வளையத்தைக் கால்வாசி திருப்பிவிட்டால் போதும். போர்வையின் கனமே அதை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். இதற்கு நாலு விரற்கடை ஊசி தாராளம். அதற்கு மேல் இருக்கும் நீளமெல்லாம் துணிக்காக இல்லை, பார்க்கிறவர்கள் கண்ணுக்காக என்பது அவள் கட்சி.

பெரிய மனிதர்கள் அந்தக் கட்சியில் சேரவில்லை. ஆள் பெரியவராக ஆக ஊசியும் நீண்டுகொண்டே போயிற்று. நெருக்கடியான இடத்தில் ஒருவர் தோள் ஊசி இன்னொருவர் கன்னத்தைக் கிழிப்பது சகஜமாகிப் போனதால், அதற்கும் ஒரு சட்டம் போட்டு வைத்திருந்தார்கள். ஆண்கள் தோளில் குத்த வேண்டும், முனை தோளைத் தாண்டி நீட்டக் கூடாது. பெண்கள் மார்பில் குத்த வேண்டும். அப்படிக் குத்தியிருந்தால் யாருக்குக் காயம் பட்டாலும் போட்டிருந்தவர் மேல் குற்றம் இல்லை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பெண்களின் மார்பில் பிள்ளைகள் தலை சாய்ப்பார்கள் என்பது மட்டும் இதை யோசித்தவர்களுக்குத் தோன்றவில்லை. தோன்றாதுதான், அவர்களில் ஒருவராவது பிள்ளை தூக்கியிருந்தால் அல்லவா?

சார்னத்துக்குப் பிறந்த இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. இரண்டாவதையும் புதைத்த வருஷம், கெல்லக்கின் மகன் லோர்கான் பதினோரு மாதக் குழந்தையாக அவள் வீட்டுக்கு வந்தான். பெரிய வீட்டுப் பிள்ளைகள் பிறத்தியார் வீட்டில் வளர்வதுதான் எங்கள் வழக்கம். அவன் அம்மா வடக்கே பெரிய குலத்துப் பெண். அவளுடைய அண்ணன்மார் மூன்று பேர், மூவரும் கெல்லக்கைவிடப் பலசாலிகள். குளிர் அண்டாத வீடாகப் பார்த்துப் பிள்ளையை விட வேண்டும் என்று அவள் சொல்லியிருந்ததால், போர்வைக்காரி வீடு அமைந்தது. என்னென்ன கொடுத்து வளர்க்க வேண்டும் என்பதற்கும் சட்டம் உண்டு. தலைவர் மகனுக்கு ஓட்ஸ் கஞ்சியில் புது வெண்ணெய்தான் போட வேண்டும், உப்பு வெண்ணெய் ஆகாது. பயலுக்கு உப்பு வெண்ணெய்தான் பிடித்தது என்பது வேறு விஷயம்.

வந்த அன்றே சார்னத் தன் பழைய ஊக்கைக் கழற்றிக் கூரை இடுக்கில் செருகிவிட்டாள். ஒரு வாரம் போர்வையைக் கையாலேயே பிடித்துக்கொண்டு நடமாடினாள். பிறகு சந்தை கூடிய நாளில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, வெண்கல வேலை செய்யும் ஏர்க் என்பவனிடம் போனாள். தனக்கு முனை மழுங்கிய ஊக்கு ஒன்று வேண்டும் என்றாள்.

ஏர்க் சுற்றி நின்றவர்களைப் பார்த்துக் கண்ணடித்தான். "மொட்டை ஊசியா? கூரில்லாத கத்தியும் ஒண்ணு அடிச்சுத் தரட்டுமா தாயி?"

"நீ அடிக்கிற கத்தி எதுலய்யா கூர் இருக்கு? ஊருக்கெல்லாம் மொட்டையாத்தானே குடுக்குறே. எனக்கும் அப்படியே குடு."

சுற்றி நின்றவர்கள் இப்போது ஏர்க்கைப் பார்த்துச் சிரித்தார்கள். அவன் முகம் தொங்கிப்போயிற்று. இருந்தாலும் தொழில்காரன், பத்து இருபது ஊக்குகளை எடுத்துப் போட்டான். அவள் ஒவ்வொன்றாக எடுத்து வளையத்தைத் திருப்பிப் பார்த்து, நாலு விரற்கடை நீளத்தில் தடித்த ஊசி வைத்த ஒன்றைப் பொறுக்கினாள். அதன் முனையை அவன் கல்லில் தேய்த்துக் கொடுக்கக் கொடுக்க, தன் கன்னத்தில் வைத்து அழுத்திப் பார்த்து, போதாது போதாது என்று மூன்று தடவை திருப்பிக் கொடுத்தாள். நாலாவது தடவை பிள்ளையின் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள். அவன் சிரித்தான். அப்புறம்தான் வாங்கினாள்.

மழுங்கிய ஊசி அவள் நெய்த போர்வையில் இறங்குமா? இறங்காது. அதற்காகப் போர்வையின் இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு சின்ன ஓட்டை போட்டு, நூல் பிரியாமல் சுற்றிலும் சிவப்பு நூலால் தைத்தாள். ஊசி அந்த ஓட்டை வழியாகப் போய்வரும். சட்டம் சொன்னபடி ஊக்கு மார்பில் இருந்தது, பிள்ளையும் மார்பில் இருந்தான். தூக்கம் வரும்போது லோர்கான் அந்த வளையத்தைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டே இருப்பான். கை நின்றால் தூங்கிவிட்டான் என்று அர்த்தம். இரண்டு வருஷம் இப்படிப் போயிற்று. வளர்ப்புத்தாயைக் கூப்பிடுகிறபடி அவளை 'மூமே' என்று கூப்பிடக் கற்றுக்கொண்டான். ஆட்டுக்குட்டியைப் பார்த்தாலும் மூமே என்றுதான் கூப்பிட்டான்.

மாடுகளை மேட்டுப் புல்வெளிக்கு ஓட்டிப் போகும் சமயத்தில் கெல்லக் மகனைப் பார்க்க வந்தார். வழியில் எந்த வீட்டிலோ நன்றாகக் குடித்திருந்தார். ஐந்து மடிப்புச் சிவப்புப் போர்வை, தோளில் வெள்ளி ஊக்கு. அதன் ஊசி ஒரு சாண். முனை தோளைத் தாண்டி இரண்டு விரல் நீட்டிக்கொண்டு நின்றது. ஏர்க் செய்ததிலேயே சிறந்தது அதுதான் என்று ஊரே பேசும். உள்ளே நுழைந்தவர், அடுப்போரம் உட்கார்ந்திருந்த பிள்ளையை வாரி மேலே தூக்கிப்போட்டுப் பிடித்து, தோளோடு சேர்த்து அணைத்தார்.

பிள்ளை அலறினான். கண்ணுக்குக் கீழே ஆரம்பித்துக் காது வரைக்கும் ஒரு கோடு. அதில் ரத்தம் பொட்டுப் பொட்டாக வந்து பிறகு ஒழுகியது. இன்னும் ஒரு தானியமணி அளவு மேலே போயிருந்தால் கண் போயிருக்கும். வெண்ணெய் கடைந்துகொண்டிருந்த சார்னத் எப்படி வந்தாள், எப்படிப் பிடுங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. சல்லடை வாங்கிப் போக வந்திருந்த அடுத்த வீட்டு லஸ்ஸர் வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். கெல்லக்கின் ஈட்டிக்காரன் வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். கெல்லக் பிள்ளையையும் பார்த்தார், தன் தோளையும் பார்த்தார். பிறகு குதிரை ஏறிப் போய்விட்டார்.

ஐயோ என் பிள்ளை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. குடித்திருந்தார், தெரியாமல் பட்டுவிட்டது, பெற்றவருக்கு இல்லாத பதைப்பா என்று சார்னத்தே சமாதானம் சொல்லியிருப்பாள். மூன்றாம் நாள் வந்ததோ அவருடைய காரியக்காரர். வளர்ப்புத்தாயின் ஊக்கு குத்தித் தலைவர் மகன் முகம் கெட்டுவிட்டது என்றார். பிள்ளையை அவள் வீட்டிலிருந்து எடுத்து வேறு வீட்டில் விடப் போகிறார்களாம். ஆறாம் நாள் ஊர்கூடும் மேட்டில் நியாயத்தார் கோன்ட்லா உட்கார்ந்து விசாரிப்பாராம்.

ஏன் இந்தப் பொய் என்று புரிய வெகுநேரம் ஆகவில்லை. பிள்ளையின் முகத்தில் தழும்பைப் பார்த்தால் வடக்கிலிருக்கும் மாமன்மார் மூவரும் கேள்வி கேட்பார்கள். அவர்களுக்குப் பதில் சொல்ல ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் தான்தான் என்று தெரிந்தபோது சார்னத்துக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கடைந்து வைத்திருந்த வெண்ணெயை அப்படியே நாய்க்குக் கவிழ்த்தாள். பிறகு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தறிக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அழுதாள். பிள்ளை வளையத்தைத் திருப்பிக்கொண்டிருந்தான்.

அவள் புருஷன் கோல்கு, அதிர்ந்து ஒரு சொல் பேசத் தெரியாதவன். தன் மாட்டையே தயவுசெய்து நகர்ந்துகொள் என்கிற ரகம். நியாயத்தார் முன்னால் அவன்தான் பேசியாக வேண்டும். பெண் சொல் சாட்சியில் சேராது. கண்ணால் பார்த்தவள் லஸ்ஸர், அவளும் பெண். கோல்கு மாட்டோடு புல்வெளிக்குப் போயிருந்ததால், அந்த வீட்டில் அன்றைக்கு இருந்த ஆண்கள் மூன்றே பேர். ஒருவர் குத்தியவர், ஒருவன் முதுகைக் காட்டி நின்றவன், இன்னொருவன் குத்துப்பட்டவன். அவனுக்கு மூன்று வயதுகூட முடியவில்லை.

ஆறாம் நாள் ஊரே மேட்டில் கூடியது. கோன்ட்லா நடுவே உட்கார்ந்திருந்தார். அவர் உட்கார்ந்திருந்த நிலம் கெல்லக் கொடுத்தது, அவர் குடித்துவிட்டு வந்த பால் கெல்லக் கொடுத்த மாட்டுடையது. இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்லமாட்டார்கள். கெல்லக் அதே போர்வையில், அதே வெள்ளி ஊக்கோடு எதிரில் உட்கார்ந்திருந்தார். இரண்டு பக்கத்திலும் இருந்தவர்கள் அந்த முனைக்குப் பயந்து தலையைச் சாய்த்துச் சாய்த்து உட்கார்ந்திருந்தார்கள். அந்த முனை தோளைத் தாண்டி நிற்பது சட்டப்படி குற்றம் என்று அந்தச் சட்டத்தை மனப்பாடமாகச் சொல்லக்கூடிய கோன்ட்லாவுக்குத் தெரியாதா என்ன?

காரியக்காரர் குற்றத்தைச் சொல்லி முடித்தார். பெண்ணின் மார்பில் ஊக்கு இருந்தால் வேறு யாருக்குக் காயம் பட்டாலும் குற்றமில்லை, ஆனால் வளர்க்கக் கொடுத்த பிள்ளைக்குப் பட்டால் அது கவனக்குறைவு என்று புதிதாக ஒரு பொருளையும் சொன்னார். சார்னத் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு கோல்குவின் பின்னால் உட்கார்ந்திருந்தாள். அவள் சொல்லச் சொல்ல அவன் எழுந்து சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு.

"மார்புல குத்துனா கவனக்குறைவு, தோள்ல குத்துனா சட்டக் குறைவு. நான் ஊக்கை எங்கதான்யா குத்திக்கிறது, உன் காரியக்காரன் மூக்குலயான்னு கேளு" என்றாள் அவள்.

கோல்கு தொண்டையைச் செருமினான். "ஊக்கைக் குத்த வேற இடம் இல்லைங்கறா ஐயா."

மேட்டில் இருந்த பாதிப் பேருக்கு அவள் சொன்னதே காதில் விழுந்திருந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். கோன்ட்லா, அந்த ஊக்கைக் கொண்டு வா என்றார். சார்னத் போர்வையோடு சேர்த்துக் கழற்றிக் கொடுத்தாள். குளிர்காற்றில் உள்சட்டையோடு உட்கார்ந்துகொண்டாள். நியாயத்தார் முனையைத் தன் உள்ளங்கையில் அழுத்திப் பார்த்தார், கன்னத்தில் அழுத்திப் பார்த்தார். ஒரு பள்ளம் விழுந்து மறைந்தது, அவ்வளவுதான்.

காரியக்காரர் விடுவாரா? நேற்றுத் தேய்த்து மழுக்கியிருப்பாள் என்றார். லஸ்ஸர் எழுந்து, இரண்டு வருஷமாக அது மொட்டை ஊக்குதான் என்றாள். பெண் பேச்சு வேண்டாம் என்று அவளை உட்காரச் சொன்னார்கள். அப்படியென்றால் செய்தவனைக் கேளுங்கள், அவன் ஆண்பிள்ளைதானே என்று சார்னத் சொன்னாள். கோல்கு, அவனையும் கேட்டால் நல்லது என்றான். ஏர்க்கைக் கூப்பிட்டார்கள்.

ஏர்க் வந்து நின்றான். ஊக்கைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தான். அவன் கண் மட்டும் கெல்லக்கின் தோளில் இருந்த தன் வெள்ளி வேலைப்பாட்டை விட்டு நகரவில்லை. மாதத்துக்கு நாற்பது ஊக்கு அடிக்கிறேன், ஒவ்வொன்றின் முனையையும் நான் எப்படி ஞாபகம் வைத்துக்கொள்வேன் என்றான். நாலு தடவை தேய்த்துக் கொடுத்தவன், சந்தையே சிரித்ததில் முகம் தொங்கிப் போனவன், அவனுக்கு ஞாபகம் இல்லையாம். அவனைப் பார்த்து அன்றைக்குச் சிரித்தவர்கள் பத்துப் பேராவது அந்த மேட்டில் இருந்தார்கள். அவர்களுக்கும் ஞாபகம் இல்லை.

சார்னத் அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். அவள் பார்க்கப் பார்க்க ஒவ்வொருவராகத் தலையைக் குனிந்தார்கள். எல்லோர் மேலும் அவள் நெய்த போர்வை இருந்தது. அவளுக்கு அப்போதுதான் அது தோன்றியது. கோல்குவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"ஆளுங்கதான் பொய் சொல்லும். துணி சொல்லாது. அந்த ஓட்டையைப் பாக்கச் சொல்லு. கண்ணு அவிஞ்சு போச்சான்னு கேளு."

"போர்வையில ஒரு ஓட்டை இருக்குது ஐயா. கொஞ்சம் வெளிச்சத்துல வச்சுப் பாத்தா உங்களுக்கே தெரியும்ங்கறா" என்றான் கோல்கு.

கோன்ட்லா போர்வையைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். மடியில் போட்டு, வேறொரு இடத்தில் அந்த ஊசியை வைத்துக் குத்திப் பார்த்தார். பலம் கொண்ட மட்டும் அழுத்தியும் துணி உள்வாங்கியதே தவிர ஊசி இறங்கவில்லை. ஓட்டையில் வைத்தார், வழுக்கிக்கொண்டு போயிற்று. சுற்றித் தைத்திருந்த சிவப்பு நூல் இரண்டு வருஷம் ஊசி உரசி உரசி வெளுத்து, கைப்பிசுக்கு ஏறிப் பளபளத்தது. ஒரு இடத்தில் நைந்து, மறுபடியும் வேறு நூலால் தைத்திருந்தது. அந்த இரண்டாவது நூலும் பழசாகியிருந்தது.

மேட்டில் இருந்தவர்களுக்கு வேறெதுவும் தெரியாவிட்டாலும் போர்வை தெரியும். கூர் ஊசி வைத்திருக்கிற எவளாவது நல்ல துணியில் ஓட்டை போட்டுத் தைப்பாளா? முன்வரிசையில் இருந்த ஒருவர் தன்னை மறந்து, "அது நேத்துப் போட்ட ஓட்டை இல்லைங்க" என்று சொல்லிவிட்டு, உடனே தன் வாயைப் பொத்திக்கொண்டார். ஆண்பிள்ளை வாயிலிருந்து வந்துவிட்டது, திரும்ப எடுக்க முடியாது. மனமறிந்து பொய்த் தீர்ப்புச் சொன்னால் நியாயத்தார் கன்னத்தில் கொப்புளம் வரும் என்று எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை. கோன்ட்லா தன் கன்னத்தை ஒருமுறை தடவிக்கொண்டார்.

இந்த ஊக்கு ஆதியிலிருந்தே மழுங்கியதுதான், இதனால் அந்தக் காயம் வந்திருக்க முடியாது, வளர்ப்புத்தாய் மேல் குற்றமில்லை, வயது வரும்வரை பிள்ளை அந்த வீட்டிலேயே இருக்கட்டும் என்று அவர் தீர்ப்புச் சொன்னார். சார்னத் பிள்ளையை இறுக்கி அணைத்தாள். மூச்சுத் திணறி அவன் உதைத்தான். அதோடு நியாயத்தார் எழுந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

காயம் எப்படி வந்தது என்பது தெரியவில்லை, ஏதேனும் முள் கிழித்திருக்கலாம் என்று அவர் சேர்த்துக்கொண்டார்.

"முள்ளா?" சார்னத்தின் குரல் ஆற்றுக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும். "என் வீட்டுக்குள்ள, அடுப்பாண்ட, முள்ளு மொளச்சுக் கெடக்குதா? எதிர்ல ஒரு சாணுக்கு நீட்டிக்கிட்டு இருக்கே, அது இந்த மனுசன் கண்ணுக்குப் படலையா? அதையும் கையில வாங்கி அவரு கன்னத்துல வச்சுப் பாக்கச் சொல்லு."

கோல்கு நியாயத்தாரைப் பார்த்தான், தலைவரைப் பார்த்தான், பெண்டாட்டியைப் பார்த்தான். "ரொம்ப சந்தோசம்ங்கறா ஐயா" என்றான்.

இதற்கும் ஒருவரும் சிரிக்கவில்லை. கெல்லக் எழுந்தார். தீர்ப்பு தனக்கு ஒரு பொருட்டே இல்லை என்று காட்டிக்கொள்ள வேண்டுமே! பெரிய மனதோடு சிரித்துக்கொண்டு, எல்லோரும் பார்க்க, வா மகனே என்று இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வந்தார்.

லோர்கான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, தோளைப் பார்த்தான். ஆறாத அந்தக் கோட்டின் மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டு, சார்னத்தின் கழுத்துக்குள் முகத்தைப் புதைத்தான்.

"குத்தும்" என்றான். "மூமே, அது குத்தும்."

சின்னக் குரல்தான். ஆனால் மேட்டில் அப்போது காற்றுகூட இல்லை. கோன்ட்லா குனிந்து செருப்பு வாரை இறுக்கத் தொடங்கினார். காரியக்காரர் வானத்தைப் பார்த்து, மழை வரும்போல இருக்கிறதே என்றார். எங்கள் ஊரில் அந்தப் பேச்சு அன்றைக்குத்தான் ஆரம்பித்தது. அத்தனை பேரில் லஸ்ஸர் ஒருத்திதான் வாய்விட்டுச் சொன்னாள்.

"ஆம்பளச் சாட்சி வேணும்னீங்களே. இதோ சொல்லிட்டான்ல."

கெல்லக் நீட்டிய கையை மடக்கிக்கொண்டு குதிரையை நோக்கி நடந்தார். கூட்டம் கலைந்தது. சார்னத் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் கோல்குவைத் திட்டிக்கொண்டே போனாள், சந்தோசமாம் சந்தோசம் என்று. பிள்ளை நமக்குக் கிடைத்துவிட்டானே, இன்னும் என்ன என்று அவன் கேட்டான். பிள்ளை எப்போதும் தனக்கு உரியவன்தான், இல்லாத குற்றத்திலிருந்து விடுதலை கொடுத்ததற்குக் கையெடுத்துக் கும்பிட வேண்டுமா, குத்தியவரை ஒரு கேள்வி கேட்க அந்த மேட்டில் ஒரு நாக்கு இல்லையே என்றாள். அந்த நாக்கு இன்றுவரை இல்லை.

அறுவடைக்கு முன்னால் ஏர்க் ஒரு போர்வை கேட்டு வந்தான். கனமாக ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். ஊக்கு என்ன வச்சிருக்கே என்று வழக்கம்போலக் கேட்டுவிட்டு, அவன் பதில் சொல்லுமுன், உனக்குத்தான் ஞாபகம் இருக்காதே என்றாள். அவன் போர்வையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மழையில் நனைந்தபடியே போனான்.

அறுவடை முடிந்தபின் கெல்லக் மறுபடியும் மகனைப் பார்க்க வந்தார். பெற்றவருக்குப் பார்க்க உரிமை உண்டு, அதை யாரும் மறுக்க முடியாது. இந்தத் தடவை குடிக்கவில்லை. ஈட்டிக்காரனை வேலிக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டு வந்தார். முந்தின இரவு பெய்த மழையில் முற்றம் சேறாகிக் கிடந்தது. சார்னத் வாசல் நிலையை அடைத்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால் லோர்கான் அவள் போர்வை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அவள் கும்பிடவில்லை, வாங்க என்றும் சொல்லவில்லை. உள்ளங்கையை நீட்டினாள்.

"ஊக்கைக் கழட்டிக் குடுத்துட்டு உள்ள வாங்க."

யாரிடம் பேசுகிறாய் என்று அவர் கேட்டிருக்கலாம். அவளைத் தள்ளிக்கொண்டு போயிருக்கலாம். அவர் அவளைப் பார்க்காமல் அவள் பின்னால் இருந்த பிள்ளையைப் பார்த்தார். பிள்ளையின் கை கன்னத்தில் இருந்தது. கோடு வெளுத்து, அழியாதபடி தங்கிவிட்டிருந்தது. பிறகு தோளில் கையை வைத்து, வளையத்தைத் திருப்பி, ஒரு சாண் ஊசியை உருவி அவள் கையில் வைத்தார்.

ஐந்து மடிப்புப் போர்வை, ஊக்கு இல்லாமல் நிற்குமா? சரிந்தது. சட்டென்று இடது கையால் கழுத்தடியில் பிடித்துக்கொண்டார். வலது கையை மட்டும் மகனிடம் நீட்டினார்.

"ஒத்தக் கையில தூக்குனா பிள்ளை நழுவிடும். ரெண்டு கையும் வேணும்" என்றாள் சார்னத்.

அவர் அவளைப் பார்த்தார். அவள் நகரவில்லை. அவளே நெய்த போர்வைதான் அது, அதன் கனம் அவளுக்குத் தெரியும், ஒரு கையால் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் நிற்க முடியும் என்பதும் தெரியும்.

இடது கை தளர்ந்தது. சிவப்புப் போர்வை அவர் முதுகு வழியாகச் சரிந்து முற்றத்துச் சேற்றில் விழுந்தது. உள்சட்டையோடு நின்றபோது, குளிரில் நிற்கிற யாரோ ஒரு தகப்பன்போலத்தான் இருந்தார். அப்போதுதான் சார்னத் வழிவிட்டாள். பிள்ளையைத் தூக்கி அவர் கையில் கொடுத்தாள்.

லோர்கான் உடனே சாயவில்லை. முதலில் அப்பாவின் தோளை உள்ளங்கையால் தடவிப் பார்த்தான். முன்பக்கம் தடவினான், பின்பக்கமும் தடவினான். ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகு, காயம்பட்ட அந்தக் கன்னத்தையே அங்கே வைத்தான். கெல்லக் அவனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார். அவர் வாய் ஏதோ சொல்லத் திறந்தது. சார்னத் காத்துக்கொண்டு நின்றாள். ஒன்றும் வரவில்லை.

அவள் வெள்ளி ஊக்கைக் கூரை இடுக்கில் செருகிவிட்டுக் கஞ்சி கிண்டப் போனாள். வாசலில் கோல்கு போர்வையை எடுக்கக் குனிந்தான். அடுப்படியிலிருந்தே அவள் சொன்னாள், அது கிடக்கட்டும், போகும்போது அவரே எடுத்துக்கொள்வார் என்று.